கியர் பாக்ஸ்ல சத்தமா? இறக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் கியர் பாக்ஸ் சத்தம் பத்தியே கேள்வி நிறைய வந்திருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எடுத்துக்கிட்டேன். எழுதின எல்லாருமே சத்தம் எப்படி இருக்குன்னு ரொம்ப அழகா விவரிச்சிருக்கீங்க, கொர்ருங்குது, உய்யுங்குது, கடகடங்குதுன்னு. ஆனா அது எப்போ வருது, எப்போ நிக்குதுங்கறதுதான் எனக்கு அதைவிட முக்கியம். கிளட்ச் மிதிச்சா என்ன ஆகுது, எந்த கியர்ல வருது, ஆக்சிலேட்டர விட்டா குறையுதா, இந்த மூணையும் நீங்களே பாத்து எழுதி வெச்சுக்கிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனீங்கன்னா தேவையில்லாம பாக்ஸ இறக்கற செலவு மிச்சம்.

கேள்வி: வணக்கம் சார். என்னோடது பெட்ரோல் ஹேட்ச்பேக், 85,000 கி.மீ. ஓடியிருக்கு. ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல நிக்கும்போது கியர் பாக்ஸ் பக்கத்துல இருந்து 'கொர்ர்ர்'னு சத்தம் வருது. கிளட்ச் மிதிச்சா நின்னுடுது, விட்டா திரும்ப வருது. ஒரு மெக்கானிக் கிளட்ச் பேரிங்னு சொல்லி மொத்த கிளட்ச் செட்டையும் மாத்திட்டாரு, சத்தம் அப்படியே இருக்கு. இப்ப இன்னொருத்தர் கியர் பாக்ஸையே மாத்தணும்ங்கறாரு. என்ன செய்யறது?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: சார், உங்க கேள்வியிலயே பாதி பதில் இருக்கு. கிளட்ச் மிதிச்சா சத்தம் நிக்குதுன்னா ரிலீஸ் பேரிங் (உங்க மெக்கானிக் சொன்ன கிளட்ச் பேரிங் இதுதான், கிளட்ச விலக்கறது இது) மேல சந்தேகப்பட காரணம் ரொம்பக் கம்மி. ஏன்னா அந்த பேரிங் வேலை செய்யறதே நீங்க பெடல மிதிக்கும்போதுதான். அது போயிருந்தா மிதிக்கும்போது சத்தம் வரும், விட்டா நிக்கும். உங்களுக்கு நடக்கறது அப்படியே தலைகீழ்.

உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். பெடல்ல கால் இல்லாதப்போ கிளட்ச் பிளேட் எஞ்சினோட கனமான சக்கரமான ஃப்ளைவீலோட ஒட்டி சுத்துது, அந்த பிளேட் கியர் பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் (எஞ்சினோட சுழற்சிய பாக்ஸுக்குள்ள கொண்டு வர்ற தண்டு) மேல உக்காந்திருக்கறதால ஷாஃப்டும் எஞ்சின் வேகத்துக்கே சுத்துது, நியூட்ரல்ல இருந்தாலும் சரி. அந்த ஷாஃப்ட்ல இருக்கற பல்சக்கரம் எல்லாம் எதிர் ஷாஃப்ட்ல இருக்கற ஜோடி சக்கரத்தோட எப்பவுமே கோர்த்துதான் இருக்கும், அதுங்களும் லோடு இல்லாம சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். பெடல முழுசா மிதிச்சா எஞ்சினுக்கும் ஷாஃப்டுக்கும் தொடர்பு அறுந்து இதெல்லாம் நின்னுடும். அதோட சத்தமும் நின்னா குத்தவாளி இன்புட் ஷாஃப்ட் பேரிங்காத்தான் பெரும்பாலும் இருக்கும். வண்டி நிக்கறப்போ டிஃபரன்ஷியலும் (ரெண்டு பக்க சக்கரத்துக்கும் இழுவையப் பிரிச்சுக் குடுக்கற பாகம்) ஆக்சிலும் சுத்தறதே இல்ல, அதனால அதுங்கள இப்பவே கணக்குல இருந்து எடுத்துடலாம்.

இன்னொரு சின்ன விஷயத்தையும் கவனிங்க. பெடல எவ்வளவு மிதிச்சா சத்தம் நிக்குது? கால வெச்ச உடனே, அதாவது லேசா தொட்டதுமே நின்னுட்டா அது லூசா ஆடிக்கிட்டு இருக்கற ரிலீஸ் பேரிங்கோ, அதத் தள்ளற ஃபோர்க்கோவா இருக்கலாம், லேசா அழுத்தம் விழுந்ததும் ஆட்டம் நின்னு சத்தம் அடங்கிடும். நல்லா கீழ வரைக்கும் மிதிச்சு கிளட்ச் முழுசா விலகின பிறகுதான் நிக்குதுன்னா அது இன்புட் ஷாஃப்ட் பக்கம். உங்களுக்கு புது செட் போட்டும் போகலைங்கறதால ரெண்டாவதுதான்னு நினைக்கிறேன்.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு சோதனை பாக்கி இருக்கு. ஐட்லிங்ல ஆக்சிலேட்டர லேசா தொட்டு 1,500 ஆர்பிஎம் பக்கம் கொண்டு போங்க. வேகம் ஏற ஏற சத்தமும் சுருதி ஏறிக்கிட்டே போனா பேரிங். வேகம் ஏறின உடனே மறைஞ்சு போச்சுன்னா அது பேரிங் இல்ல, பல்லுக்குப் பல் இருக்கற இடைவெளியில எஞ்சினோட துடிப்பு பட்டு வர்ற ஐட்லிங் சத்தம். இது கடகடன்னு இருக்கும், ஏசி போட்டா, எஞ்சின் சூடானா அதிகமாத் தெரியும், கொஞ்சமா இருந்தா பயப்படவே வேண்டாம். நிறைய இருந்தா கிளட்ச் பிளேட்டுக்குள்ள இருக்கற ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்ல ஐட்லிங் வேகம் குறைவா இருக்கும், இல்லன்னா கியர் ஆயில் கம்மியா இருக்கும்.

எனக்கு வருத்தமா இருக்கறது என்னன்னா, கிளட்ச் செட் மாத்த பாக்ஸ கீழ இறக்கினப்பவே இன்புட் ஷாஃப்டக் கையால பிடிச்சு ஆட்டி, சுத்தி, காது வெச்சுக் கேட்டிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும், ஒரே லேபர்ல முடிஞ்சிருக்கும். இப்ப மறுபடி இறக்கத்தான் வேணும். ஆனா பாக்ஸையே மாத்தறதுக்கு ஒத்துக்காதீங்க. பிரிச்சு பல்லெல்லாம் நல்லா இருந்தா அந்த ஷாஃப்டோட ரெண்டு பக்க பேரிங்கும் ஆயில் சீலும் மாத்தி, ஷிம் (இடைவெளிய சரி பண்ற மெல்லிசுத் தகடு) வெக்கிற டைப்பா இருந்தா அளவு பாத்து வெச்சு மூடினாப் போதும். தள்ளிப் போடவும் வேண்டாம் சார். பேரிங் உடைஞ்சு ஷாஃப்ட் இடம் மாறினா பல்லு தின்ன ஆரம்பிச்சிடும், அந்த இரும்புத் தூள் ஆயிலோட கலந்து நல்லா இருக்கற மத்த பேரிங்குக்கும் போயிடும். அப்புறம் அந்த மெக்கானிக் சொன்னதுதான் நிஜமாகும்.

கேள்வி: சார், நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டு ஒரு வருஷம் ஆகுது. சிக்னல்ல கிளட்ச் மிதிச்சுக்கிட்டு நிக்கும்போது 'கீ...ச்'னு ஒரு சத்தம் கேக்குது, பெடல விட்டா இல்ல. வண்டி நல்லாத்தான் ஓடுது. இப்படியே ஓட்டலாமா?
- வாசகி, சென்னை

பதில்: இதுதாம்மா அசல் ரிலீஸ் பேரிங் சத்தம். ஆனா உறுதி பண்ண எஞ்சின ஆஃப் பண்ணிட்டு பெடல மிதிச்சுப் பாருங்க. ஆஃப்ல இருக்கும்போதும் கீச்னு வந்தா அது பேரிங்கே இல்ல, பெடல் புஷ்ஷோ கேபிளோ ஃபோர்க் உக்கார்ற இடமோ காஞ்சிருக்கு, கிரீஸ்லயே சரியாகக்கூடும். எஞ்சின் ஓடும்போது மட்டும் வந்தா பேரிங்தான்.

உடனே நடுரோட்டுல நின்னுடும்னு பயப்பட வேண்டாம், கொஞ்ச நாள் ஓடும். ஆனா சத்தம் அதிகமாயிட்டே வந்தா விடாதீங்க, அது உடைஞ்சா, கிளட்ச் பிளேட்ட அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டோட விரல்களையும் தின்னுட்டு கியரே விழாம நிப்பாட்டிடும். மாத்தும்போது பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணையும் பாக்கச் சொல்லுங்க, தேய்மானம் பாதிக்கு மேல இருந்தா மூணையும் சேத்தே மாத்திடுங்க, பாக்ஸ இறக்கற கூலி ஒண்ணுதானே.

இன்னொண்ணு, சிக்னல்ல முதல் கியர போட்டுக்கிட்டு கிளட்ச மிதிச்சபடியே நிக்கற பழக்கத்த இப்பவே விட்டுடுங்க. நிக்கும்போது நியூட்ரலுக்கு வந்து கால எடுத்துடணும். டிரைவிங் ஸ்கூல்ல 'எப்பவும் கிளட்ச்ல கால் இருக்கட்டும்'னு சொல்லித் தர்றவங்க இன்னும் இருக்காங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்டவங்க வண்டியிலதான் இந்த பேரிங் சீக்கிரம் போகுது.

கேள்வி: ரிவர்ஸ் போனா மட்டும் வண்டி 'உய்ய்ய்ங்'னு ஊளை விடுது. புது வண்டிலயே இப்படி வருமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: வரும். முன்னாடி போற கியர் எல்லாம் சாய்வா பல் வெட்டினது, ஒரு பல் விலகறதுக்கு முன்னாடி அடுத்த பல் பிடிச்சிடறதால சத்தமில்லாம சுத்தும். ரிவர்ஸ்க்கு பெரும்பாலான வண்டிகள்ல நேரா வெட்டின பல், அதான் ஊளை. தாராளமா ஓட்டுங்க. ஊளைக்கு நடுவுல ஒவ்வொரு சுத்துக்கும் 'டக்... டக்...'னு அடிச்சா மட்டும் பல் உடைஞ்சிருக்கான்னு காட்டுங்க.

கேள்வி: அண்ணே, காலைல எடுக்கும்போது ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாத்தினா 'கர்ர்'னு பல்ல கடிக்குது. கொஞ்சம் சூடானதும் பரவாயில்ல. மத்த கியர் எல்லாம் ஓகே. போன சர்வீஸ்ல கியர் ஆயில் மாத்தினாங்க, அதுக்கப்புறம்தான் அதிகமாச்சோன்னு சந்தேகம்.
- வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, உங்க சந்தேகம் நியாயமானது. முதல்ல அவங்க என்ன ஆயில் ஊத்தினாங்கன்னு பில்லப் பாருங்க. பாட்டில்ல ஜிஎல்-4, ஜிஎல்-5ன்னு ஆயில் வகைய போட்டிருக்கும். 5 பெரிய நம்பர், அதனால அதுதான் ஒசத்தின்னு நினைச்சு ஊத்திடறாங்க. ஜிஎல்-5 முக்கியமா டிஃபரன்ஷியல்ல கிரவுன், பினியன்ங்கற ரெண்டு பல்சக்கரமும் உரசற அழுத்தத்தத் தாங்கறதுக்கு செஞ்சது, அதுல கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து நிறைய. மேனுவல் கியர் பாக்ஸ்ல பித்தளை சின்க்ரோ ரிங் இருக்குதே, அதுக்கு இது ஒத்துக்காம போகலாம், அரிக்கறதும் உண்டு, வழுக்கி விட்டு பிடிப்பக் குறைக்கறதும் உண்டு. ஓனர் மேனுவல்ல ஜிஎல்-4ன்னு இருந்தா ஜிஎல்-4தான், ஆயிலோட தடிமன் 75டபிள்யூ-80ன்னு இருந்தா அதேதான், 'தடியா ஊத்தினா சத்தம் அடங்கும்'னு யாராவது 80டபிள்யூ-90 ஊத்தியிருந்தா காலைல குளிர்ந்த ஆயில்ல கியர் கடிக்கறது அதிகமாத்தான் ஆகும்.

அந்த ரிங்கோட வேலை என்னன்னா, நீங்க லீவரத் தள்ளும்போது ரெண்டு பாகமும் வேற வேற வேகத்துல சுத்திக்கிட்டு இருக்கும், ரிங் போய் கூம்பு மேல உரசி ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வந்த பிறகுதான் பல்லு உள்ள போக விடும். 1928ல கேடிலாக் கார்ல இத முதல்ல கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி ஓட்டினவங்களுக்கு எல்லா கியரும் ரெண்டு தடவை கிளட்ச் மிதிச்சுத்தான். அதையே நீங்க சோதனையா செஞ்சு பாக்கலாம். ஒண்ணுல இருந்து கிளட்ச் மிதிச்சு நியூட்ரலுக்கு வாங்க, கிளட்ச விடுங்க, ஒரு நொடி விட்டு மறுபடி மிதிச்சு ரெண்டுல போடுங்க. கடிக்காம விழுந்துச்சுன்னா சின்க்ரோ ரிங் தேஞ்சிருக்குன்னு எடுத்துக்கலாம், அதுலயும் ரெண்டாவது கியர்தான் முதல்ல போறது, ஊருக்குள்ள அதுக்குத்தான் வேலை அதிகம்.

எல்லா கியரும் கடிச்சா கதையே வேற. நின்ன இடத்துல எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்து, ஸ்டார்ட் பண்ணதும் முரண்டு பிடிச்சா, இல்ல கிளட்ச் மிதிச்சு 4, 5 நொடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டும் கடிச்சா, கிளட்ச் முழுசா விலகல. கேபிள் அட்ஜஸ்ட்மென்ட், கிளட்ச் சிலிண்டர்ல கசிவு, லைன்ல காத்து, இதையெல்லாம் வெளியிலயே பாத்துடலாம், பாக்ஸத் தொடவே வேண்டாம்.

உங்களுக்கு முதல்ல சரியான ஆயில் மாத்தி ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. ரெண்டாவது போடும்போது அவசரப்படாம, அரை நொடி நின்னு தள்ளுங்க. கியர் நாப் மேல கை வெச்சுக்கிட்டே ஓட்டற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க, அந்த கனம் உள்ள கியரத் தள்ளற செலக்டர் ஃபோர்க்கப் போய் அழுத்திக்கிட்டே இருக்கும்.

கேள்வி: எங்க வண்டி பின் சக்கரம் ஓடற யூட்டிலிட்டி வண்டி, தோட்டத்துக்கு சரக்கு ஏத்தறது. 1, 2, 3, 5 எல்லாத்துலயும் ஊளைச் சத்தம், 4ல போட்டா மட்டும் சத்தமே இல்ல. மெக்கானிக்கே ஆச்சரியப்படறாரு.
- வாசகர், கம்பம்

பதில்: ஆச்சரியமே இல்லைங்க, இவ்வளவு தெளிவா தடயம் குடுக்கற பழுது ரொம்ப அபூர்வம். பொலேரோ, ஈக்கோ மாதிரி நீளவாக்குல பாக்ஸ் வெச்ச 5 கியர் வண்டிகள்ல 4வது கியர் பொதுவா டைரக்ட், அதாவது 1:1. இன்புட் ஷாஃப்டும், சக்கரத்துப் பக்கம் இழுவைய வெளிய அனுப்பற மெயின் ஷாஃப்டும் ஒண்ணோட ஒண்ணு நேரா கோர்த்துக்கும், இழுவை கீழ இருக்கற துணைத் தண்டான லே ஷாஃப்ட் வழியா போறதே இல்ல. லே ஷாஃப்ட் அப்பவும் சுத்தும், ஆனா அது மேல லோடு இருக்காது. மத்த எல்லா கியர்லயும் இழுவை முதல்ல லே ஷாஃப்டுக்கு இறங்கி அங்க இருந்து மெயின் ஷாஃப்டுக்கு ஏறணும். அதனால 4ல அமைதி, மத்ததுல ஊளைன்னா லே ஷாஃப்ட் பேரிங், இல்ல லே ஷாஃப்ட எப்பவும் ஓட்டற அந்த முதல் ஜோடி சக்கரம். டிஃபரன்ஷியலா இருந்தா 4லயும் சத்தம் வந்தே தீரும், அதனால யாராவது கிரவுன் பினியன மாத்தச் சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

உங்க வண்டியில எந்த கியர் 1:1ன்னு மேனுவல்ல ரேஷியோ பட்டியல்ல பாத்துக்குங்க. முன் சக்கரம் ஓடற கார் வெச்சிருக்கறவங்க இந்தக் கணக்க போடாதீங்க, அதுல டைரக்ட் கியரே கிடையாது, எல்லா கியரும் ஒரு ஜோடி பல் வழியாத்தான் போகும்.

கேள்வி: முன் சக்கர ஆக்சில் பூட் (ரப்பர் உறை) கிழிஞ்சு போய் 2 மாசத்துக்கு முன்னாடி மாத்தினேன். இப்ப 5வது கியர்ல மட்டும் ஒரு முனகல் சத்தம், பைபாஸ்ல போகும்போது நல்லாவே கேக்குது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: இத படிச்சதும் எனக்கு பதறிடுச்சு சார். இந்த பக்கத்த புரட்டிக்கிட்டு இருக்கும்போதே போய் கியர் ஆயில் லெவல் பாருங்க, பாக்கற வரைக்கும் நெடுந்தூரம் எடுத்துக்கிட்டுப் போகாதீங்க.

முன் சக்கரம் ஓடற வண்டிகள்ல ஆக்சில வெளிய இழுத்தா அந்த ஓட்டை வழியா கியர் ஆயில் கொட்டும். வேலை முடிஞ்சதும் திரும்ப நிரப்பணும், நிறைய இடத்துல மறந்துடறாங்க. சின்ன கார்ல மொத்தமே சுமார் 2 லிட்டர்தான், அதுல அரை லிட்டர் போனாலும் பெரிய விஷயம். எஞ்சின் ஆயில் மாதிரி இதுக்கு டேஷ்போர்டுல லைட்டும் எரியாது. பல கார்கள்ல 5வது கியர் ஜோடி பாக்ஸோட கடைசியில, தனி மூடிக்குள்ள தொங்கற மாதிரி இருக்கும், ஆயில் குறைஞ்சா முதல்ல பட்டினி கிடக்கறது அதுதான். அதனாலதான் சத்தம் 5ல மட்டும்.

பாக்கற முறை: வண்டி சமதளத்துல நிக்கணும், பாக்ஸ் பக்கவாட்டுல ஆயில் ஊத்தற ஃபில்லர் பிளக்கக் கழட்டினா பெரும்பாலான பாக்ஸ்ல ஆயில் அந்த ஓட்டையோட விளிம்பு வரைக்கும் இருக்கணும். விரல விட்டுத் தொட்டுப் பாக்கலாம். முழுசா மாத்தறதா இருந்தா எப்பவும் மேல இருக்கற ஃபில்லர் பிளக்க முதல்ல கழட்டச் சொல்லுங்க, கீழ எல்லாத்தையும் வடிச்சிட்டு அப்புறம் மேல பிளக் துருப்பிடிச்சு வரலைன்னா வண்டி அங்கயே நிக்கும். ஆயில் வடிக்கற பிளக்ல காந்தம் இருந்தா அதுல என்ன ஒட்டியிருக்குன்னு நீங்களே பாருங்க. மை மாதிரி சாம்பல் நிறப் பசை இருந்தா சாதாரணம். கையில குத்தற மாதிரி இரும்புச் சில்லு இருந்தா உள்ள உடைஞ்சிருக்கு. ஆயில்ல தங்கத்தூள் மாதிரி மின்னினா சின்க்ரோ ரிங் தேயுது.

ஆயில் நிரப்பி சத்தம் போயிட்டா உங்க நல்ல நேரம். குறைஞ்சும் முழுசாப் போகாம இருந்தா 5வது கியர் மூடிய மட்டும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, பல கார்ல அதுக்கு மொத்த பாக்ஸையும் இறக்கத் தேவையில்ல. ஆக்சில் சீல்ல கசிவு இருக்கான்னும் அதே சமயத்துல பாத்துடுங்க.

கேள்வி: 60க்கு மேல போனா 'ஊஊஊம்'னு ஒரு சத்தம், எந்த கியர்ல இருந்தாலும் வருது. கியர் பாக்ஸ் பேரிங்னு சொல்லி எஸ்டிமேட் குடுத்திருக்காங்க.
- வாசகர், திருச்சி

பதில்: கையெழுத்து போடாதீங்க. எல்லா கியர்லயும் ஒரே மாதிரி, வண்டி வேகத்தோடயே ஏறி இறங்கற சத்தம்னா முதல் சந்தேகம் வீல் பேரிங், அப்புறம் டயர். காலியா, நேரா, சமமா இருக்கற ரோட்டுல 60, 70ல போய் நியூட்ரல் போட்டு விடுங்க. எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும், சாவியத் தொடவே கூடாது, பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் அத நம்பித்தான் இருக்கு, ஸ்டியரிங் லாக்கும் விழுந்துடும். மலை இறக்கத்துல இந்த சோதனையே வேண்டாம். நியூட்ரல்லயும் சத்தம் அப்படியே வந்தா எஞ்சினும் இன்புட் ஷாஃப்டும் இல்லைன்னு ஆகிடுது.

அடுத்து ஸ்டியரிங்க லேசா வலது, இடதுன்னு வளைச்சுப் பாருங்க. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்துல விழும், அப்ப சத்தம் கூடினா பொதுவா இடது வீல் பேரிங், எதிர்ப்பக்கம் கூடினா வலது. வளைச்சும் மாறலைன்னா ரோடப் பாருங்க, தார் ரோட்டுல ஒரு மாதிரி, கான்கிரீட் ரோட்டுல ஒரு மாதிரி வந்தா டயர் தேய்மானம். ஜாக்கி வெச்சு, ஸ்டாண்டும் குடுத்து, சக்கரத்தக் கையால சுத்திக்கிட்டே காயில் ஸ்பிரிங் மேல இன்னொரு கைய வெச்சுப் பாத்தா கெட்டுப்போன பேரிங்கோட அதிர்வு விரல்லயே தெரியும். இதெல்லாம் சுத்தமா இருந்து, ஆக்சிலேட்டர் மிதிச்சா ஒரு சுருதி, விட்டா வேற சுருதின்னு மாறினா அப்பத்தான் டிஃபரன்ஷியல் பக்கம் போகணும்.

எஸ்டிமேட் குடுத்தவரையே பக்கத்து சீட்டுல உக்கார வெச்சு இதே சோதனையெல்லாம் செஞ்சு காட்டுங்க. நல்ல மெக்கானிக்கா இருந்தா சந்தோஷப்படுவாரு.

கேள்வி: ஃபுல்லா ஒடிச்சுத் திருப்பும்போது 'டக் டக் டக்'னு சத்தம். கியர் பாக்ஸா?
- வாசகி, காரைக்குடி

பதில்: இல்லம்மா, ஆக்சிலோட வெளிப்பக்க சிவி ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் ஆக்சில் சுத்த வழி பண்ற இணைப்பு. சக்கரத்துக்குப் பின்னாடி ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் தெறிச்சிருக்கான்னு பாருங்க. கிரீஸ் போய் மண்ணு புகுந்து சத்தமும் வர ஆரம்பிச்ச பிறகு பூட் மட்டும் மாத்தறது வீண், ஜாயின்டே மாத்தணும்.

கேள்வி: பாக்ஸ் உள்ள பல் எல்லாம் போச்சு, பழைய பாக்ஸ் வாங்கிப் போடலாம்ங்கறாங்க. புதுப்பேட்டைல போய் வாங்கலாமா, என்ன பாத்து வாங்கறது?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: வாங்கலாம், ஆனா மெக்கானிக்கக் கூட்டிக்கிட்டுப் போங்க. இன்புட் ஷாஃப்டக் கையால சுத்தினா சொரசொரப்பு இல்லாம சுத்தணும், மேலயும் கீழயும் ஆட்டம் இருக்கக் கூடாது (பின் சக்கரம் ஓடற வண்டி பாக்ஸ்ல மட்டும் லேசா ஆடும், அதோட முனைய தாங்கறது எஞ்சின்ல இருக்கற பைலட் பேரிங்). ஒவ்வொரு கியரா போட்டுச் சுத்திப் பாருங்க, எல்லாம் விழணும், போட்டது தானா கழண்டு வரக் கூடாது. பிளக்கக் கழட்டி உள்ள இருக்கற ஆயில விரல்ல தொட்டுப் பாருங்க, மின்னுதா, சில்லு இருக்கான்னு. ஆயிலே இல்லாம காலியா வெச்சிருந்தா அது எப்படிப் போச்சுன்னு கேளுங்க.

ரொம்ப முக்கியமா ஃபைனல் ரேஷியோ, அதாவது பாக்ஸ விட்டு இழுவை வெளிய போற கடைசி ஜோடி சக்கரத்தோட பல் விகிதம். ஒரே மாடல்லயே பெட்ரோலுக்கும் டீசலுக்கும், சில சமயம் ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் இது மாறும். வெளிய போல்ட் எல்லாம் அச்சா பொருந்திடும், ஓட்டும்போதுதான் இழுவை வித்தியாசமும் சில வண்டிகள்ல ஸ்பீடோமீட்டர் தப்பும் தெரியும். உங்க பாக்ஸ் மேல இருக்கற நம்பர போட்டோ எடுத்துக்கிட்டுப் போய் ஒப்பிட்டு வாங்குங்க. மாட்டறதுக்கு முன்னாடி ஆக்சில் சீல், இன்புட் சீல் எல்லாத்தையும் புதுசு போட்டுடுங்க, ஆயிலும் மேனுவல்ல சொன்னத மட்டும் ஊத்துங்க.